சுமைதாங்கிக் கல்

1

பழைய பெருவழிகளின் ஓரத்தில் இன்றும் சில இடங்களில் அந்தக் கற்களைக் காணலாம். நிலத்தில் செங்குத்தாக நட்ட இரண்டு கற்கள். அவற்றின் மேல் குறுக்காகக் கிடத்திய ஒரு கல். ஏறத்தாழ ஒரு மனிதனின் தோளளவு உயரம். தென் திருவிதாங்கூராக இருந்த குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் இவை அதிகம். யாழ்ப்பாணத்தில் சுமைதாங்கியோடு கிணறும், மடமும், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஓர் ஆவுரிஞ்சிக் கல்லும் சேர்ந்தே இருப்பதுண்டு. சாலைகள் அகலமானபோது பல கற்கள் பெயர்க்கப்பட்டன. எஞ்சியவற்றில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள்.

தலைச்சுமையோடு நடந்து பழகாத நமக்கு அந்தக் கல்லின் அருமை உடனே விளங்காது. சும்மாட்டின் மேல் வைத்த பெரிய மூட்டையை ஒருவன் தனியாகக் கீழே தள்ளிவிட முடியும். தனியாக மீண்டும் தலைக்கு ஏற்ற முடியாது. தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். ஆளரவம் இல்லாத வழியில் இறக்கியவன் அடுத்த வழிப்போக்கன் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே கழுத்து கடுத்தாலும் இறக்காமலே நடப்பான். கல் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. குனியாமல், எவரையும் எதிர்பாராமல், தலையிலிருந்து கல்லுக்குச் சுமையை நகர்த்தலாம். மூச்சு வாங்கியபின் கல்லிலிருந்து தலைக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

பிள்ளை பெறாமலே, வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இக்கற்களை நடுவது வழக்கமாக இருந்தது. அவள் இறக்கிவைக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக, வழியில் போகும் எவரோ தம் சுமையை இறக்கிவைக்கட்டும் என்பது அதன் பொருள். இதைவிட மேலான நினைவுச் சின்னத்தை எந்தப் பேரரசும் கட்டவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இக்கட்டுரை கற்களைப் பற்றியதல்ல. அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததைப் பற்றியது. இன்று ‘சுமைதாங்கி’ என்றால் நம் மனதில் கல் வருவதில்லை, ஆள் வருகிறார். குடும்பத்தின் சுமைதாங்கி, நிறுவனத்தின் சுமைதாங்கி என்கிறோம். 1962இல் ஸ்ரீதர் அப்பெயரில் ஒரு திரைப்படம் எடுத்தபோதே, தன் விருப்பங்களைத் துறந்து குடும்பத்துக்காக உழைக்கும் ஒருவனைத்தான் அச்சொல் குறித்தது. சுமப்பவனுக்காக ஊர் கட்டிவைத்த கல்லின் பெயர், இறக்க இடமின்றிச் சுமந்துகொண்டே இருக்கும் மனிதனின் பெயராகிவிட்டது. அதைப் பாராட்டாகவும் சொல்கிறோம்.

கடந்த நூறாண்டுகளில் வேலையின் அழுத்தம் பற்றிய சிந்தனைக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது.

2

1915ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் தொடங்கி ஓராண்டாகிறது. பிரிட்டனின் பீரங்கிகளுக்குக் குண்டுகள் போதவில்லை. அரசியல் நெருக்கடியே மூண்டு, போர்த்தளவாடங்களுக்கென ஒரு தனி அமைச்சகம் உருவாக்கப்பட்டு, லாயிட் ஜார்ஜ் அதன் பொறுப்பை ஏற்றார். தொழிற்சாலைகள் ஞாயிறு விடுமுறையையும் விட்டுவிட்டு ஓடின. வாரத்துக்கு எழுபது மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பது வழக்கமாயிற்று. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்கள் கடைசல் எந்திரங்களின் முன் வந்து நின்றார்கள்.

அதிக நேரம் உழைத்தால் அதிகக் குண்டு என்பது எவருக்கும் ஐயமில்லாத கணக்கு. ஆனால் கணக்கு தப்பியது. நேரம் ஏறிய அளவுக்குக் குண்டுகள் ஏறவில்லை. நோயும் விபத்தும் வேலைக்கு வராமையும் கூடின. 1915 செப்டம்பரில், தளவாடத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய ஜார்ஜ் நியூமன் தலைமையில் ஒரு குழுவை அரசு அமைத்தது. அக்குழுவுக்காகத் தொழிற்சாலைகளில் சென்று அளந்தவர்களில் ஒருவர் வெர்னன் என்ற உடலியல் அறிஞர். அவர் செய்தது எளிய காரியம். ஒவ்வொரு வாரமும் எத்தனை மணி நேரம் உண்மையில் வேலை நடந்தது, எத்தனை துண்டுகள் கடைந்து முடிக்கப்பட்டன என்று குறித்துக்கொண்டே வந்தார்.

முடிவு அன்றைய முதலாளிகளையும் அதிகாரிகளையும் ஒருங்கே திகைக்க வைத்தது. வெடிகுண்டின் திரித்தலைகளைக் கடையும் பெண்களின் வார நேரம் அறுபத்தாறிலிருந்து படிப்படியாக ஐம்பதுக்கும் கீழே குறைக்கப்பட்டபோது, ஒரு மணி நேரத்தில் செய்யும் துண்டுகள் மட்டுமல்ல, வாரத்தின் மொத்த எண்ணிக்கையே கூடியிருந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2014இல், ஜான் பென்காவல் என்ற பொருளியல் அறிஞர் அதே பழைய அட்டவணைகளை இன்றைய புள்ளியியல் முறைகளைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தார். எழுபது மணி நேர வாரத்தின் விளைச்சலுக்கும் ஐம்பத்தாறு மணி நேர வாரத்தின் விளைச்சலுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று அவர் கண்டார். இடையிலுள்ள பதினான்கு மணி நேரம் கிட்டத்தட்ட வீண்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்குழு அந்தப் பெண்களை மன உறுதி குறைந்தவர்கள் என்று சொல்லவில்லை. நாட்டுப்பற்று போதாது என்றும் சொல்லவில்லை. களைப்பு என்பது குணக்குறை அல்ல. அளக்கக்கூடிய ஓர் உடல்நிலை. அதன் காரணம் வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. ஆகவே மருந்தும் அங்கேதான் இருக்க வேண்டும் என்றே அதன் அறிக்கைகள் கருதின. ஞாயிறு ஓய்வு, இடைவேளை, தொழிற்சாலையிலேயே சூடான உணவு, காற்றோட்டம் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. கருணையின் பேரால் மட்டும் அல்ல. குண்டுகள் வேண்டும் என்பதற்காகவும்தான். ஆயினும் நோக்கம் எதுவாக இருந்தாலும், கல் சரியான இடத்தில் நடப்பட்டது. 1918இல், தொழிற் களைப்பை ஆராய ஒரு நிலையான வாரியமே பிரிட்டனில் ஏற்படுத்தப்பட்டது.

3

அதே 1918இல், பிரிட்டிஷ் முதலாளிகள் நடத்திய வேறு சில ஆலைகளின் வாசலில், அதே கேள்வி வேறு மொழியில் எழுந்தது. சென்னைப் பெரம்பூர் வட்டாரத்தில் பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தவை பக்கிங்ஹாம், கர்னாடிக் நூற்பாலைகள். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் ஆண்களின் வேலை நேரத்துக்குப் பன்னிரண்டு மணி என்று வரம்பு வைத்திருந்தது. அதையே ஒரு சீர்திருத்தமாகக் கொண்டாடிய காலம் அது.

அப்பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளர்களின் குறைகளை அன்றாடம் கேட்டுவந்தவர்கள். அவர்கள் அன்னி பெசன்டின் வட்டத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவை அணுகினார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர். திரு.வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அத்தொழிலாளர்களின் முதல் கோரிக்கைகளுள் ஒன்று என்னவென்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கூலி உயர்வு இருந்தது. அரிசி விலை ஏறிய காலம். அதோடு நண்பகல் உணவு இடைவேளையை நீட்ட வேண்டும் என்பதும் இருந்தது. இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் எந்திரத்தை விட்டு வெளியே வந்து, கைகால் கழுவி, இடம் பிடித்து உண்டு, கதவு அடைபடுமுன் திரும்ப வேண்டும். பின்னாளில் பெரும் போராட்டங்களாக வளர்ந்த ஓர் இயக்கத்தின் தொடக்கத்தில், நிதானமாகச் சோறு உண்ணச் சில நிமிடங்கள் வேண்டும் என்ற விண்ணப்பம் இருந்தது. அவர்கள் கேட்டது ஒரு சுமைதாங்கிக் கல்.

அடுத்த ஆண்டு இக்கதை கடல் கடந்தது. 1919இல் வாஷிங்டனில் முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கூடியது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக என்.எம். ஜோஷி சென்றார்; அவருக்கு ஆலோசகராக வாடியாவும் இருந்தார். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்பதே அம்மாநாடு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை. களைப்பு பற்றி ஐரோப்பா போர்க்காலத்தில் கற்ற பாடமும் அதன் பின்னணியில் உண்டு. ஆனால் அதே உடன்படிக்கையில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஒரு தனி விதி சேர்க்கப்பட்டது. இந்தியத் தொழிலாளிக்கு வாரம் அறுபது மணி நேரம்.

நாற்பத்தெட்டுக்கும் அறுபதுக்கும் இடையில் இருப்பது பன்னிரண்டு மணி நேரம் மட்டுமல்ல. யாருடைய உடல் களைக்கும், யாருடைய உடல் தாங்கும் என்ற ஒரு முன்முடிவும் அதில் இருக்கிறது. லங்காஷயரில் நெசவாளியின் களைப்பு அறிவியல். பெரம்பூரில் அது சோம்பல். ‘அவர்களுக்குப் பழக்கம், தாங்குவார்கள்’ என்ற அந்தப் பேச்சை நாம் இன்றும் வேறு பெயர்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

சென்னைச் சங்கத்தின் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. 1920–21இல் நிகழ்ந்த கதவடைப்பின்போது நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடுத்தது. அதன் தீர்வாக வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. அந்த வழக்கு எழுப்பிய கேள்விகள்தாம் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலின. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் நிலைத்து நிற்கவில்லை. புளியந்தோப்பில் சாதி மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தம் தோற்றது. ஆலைக்குள் ஒரே எந்திரத்தின் முன் நின்றவர்கள் ஆலைக்கு வெளியே ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் அல்லர். தோழமை என்பது எந்தத் தாங்குதிறனுக்கும் அடிப்படை. சாதி அதை எவ்வளவு ஆழத்தில் அறுத்து வைத்திருந்தது என்பதற்கு அந்த ஆண்டே சான்று.

4

இதன்பின் வேலையின் பாரம் பற்றிய பேச்சு, தொழிற்சாலையிலிருந்து மெல்ல மெல்ல மனிதனின் உடலுக்குள்ளும், பின் மனத்துக்குள்ளும் குடிபெயர்ந்தது. அதற்கு ஒரு சொல் துணைசெய்தது: ஸ்ட்ரெஸ்.

அது பொறியியலின் சொல். நம் பள்ளி இயற்பியல் நூல்களில் அதைத் ‘தகைவு’ என்று படித்திருப்போம். ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிடுகிறோம். எடை வெளியே இருக்கும் பளு. அதனால் கம்பிக்குள் ஒவ்வொரு சதுர அலகிலும் எழும் விசை தகைவு. அதனால் கம்பி நீள்வது திரிபு. மூன்றும் வெவ்வேறு.

1936இல் மாண்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் மருத்துவ ஆய்வாளர் எலிகளைப் பலவகைக் கொடுமைகளுக்கு உட்படுத்தினார். குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு, நஞ்சு என்று எதைக் கொடுத்தாலும் உடலுக்குள் ஒரே மாதிரியான மாற்றங்கள் தென்பட்டன: அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. முதலில் அதிர்ச்சி, பின் எதிர்த்து நிற்றல், இறுதியில் சோர்ந்து வீழ்தல் என்று மூன்று கட்டங்களை அவர் வகுத்தார். இந்த எதிர்வினைக்குப் பின்னாளில் அவர் சூட்டிய பெயரே ஸ்ட்ரெஸ். 1956இல் அவர் எழுதிய நூல் அச்சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றது. பொறியியலின்படி பார்த்தால், அவர் விவரித்தது தகைவை அல்ல, திரிபை. இந்தக் குழப்பத்தை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் அவருடைய தாய்மொழி அல்ல.

இது வெறும் சொற்பிழை என்று தள்ளிவிடக் கூடியதல்ல. பளுவுக்கும் அதன் விளைவுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டால், பளு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ‘எனக்கு ஸ்ட்ரெஸ்’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் மேல் யார் எதை ஏற்றினார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. அது தலைவலி போல அவருக்குச் சொந்தமான ஒன்றாகிவிடுகிறது. தமிழில் நாம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அதை மன அழுத்தம் என்றோம். அலுவலகத்தில் இருந்ததை மனத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். போதாதற்கு, மனச்சோர்வு என்ற நோய்க்கும் பலர் அதே சொல்லை வழங்குகிறார்கள்.

இந்த இடமாற்றத்தால் ஆதாயம் அடைந்தவர்களும் இருந்தார்கள். புகையிலை நிறுவனங்கள் செல்யேயின் ஆய்வுகளுக்குப் பணம் அளித்ததை, பின்னர் வெளியான அந்நிறுவனங்களின் உள் ஆவணங்கள் காட்டின. இதயநோய்க்குக் காரணம் சிகரெட் அல்ல, மன அழுத்தமே; அதைத் தணிக்கப் புகைப்பது உதவும் என்ற வாதம் அவர்களுக்கு இனித்தது.

5

ஆறாம், ஏழாம் பத்தாண்டுகளில் பரவியிருந்த நம்பிக்கை, மன அழுத்தம் உயர்பதவிக்காரர்களின் நோய் என்பது. பெரிய முடிவுகளை எடுப்பவர், ஓயாமல் தொலைபேசியில் பேசுபவர், அவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்றார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது லண்டனில் நடந்த ஓர் ஆய்வு.

வைட்ஹால் என்பது பிரிட்டிஷ் அரசு அலுவலகங்கள் அமைந்த தெரு. 1967 முதல் அங்கே பணிபுரிந்த ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களின் உடல்நிலையைப் பதிந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். அதன் முடிவுகளை எழுதியவர்களில் முதன்மையானவர் மைக்கேல் மார்மட். எல்லோரும் ஒரே அரசின் ஊழியர்கள். எவரும் பட்டினி கிடப்பவர் அல்லர். எவரும் சுரங்கத்தில் வேலை செய்பவர் அல்லர். எல்லோருக்கும் ஒரே இலவச மருத்துவம். அப்படியிருந்தும் பதவிப் படியில் ஒவ்வொரு படி இறங்க இறங்க இதயநோயால் இறப்போர் விகிதம் ஏறிக்கொண்டே போயிற்று. அடிப்படியில் இருந்த கடைநிலை ஊழியர்கள், உச்சியில் இருந்த அதிகாரிகளைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். புகைப்பழக்கமும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் விளக்கின.

எஞ்சிய பகுதிக்கு விளக்கம் தேடி, 1985இல் பெண்களையும் சேர்த்து, 10,308 பேரைக் கொண்டு இரண்டாவது வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. இதற்கிடையில், 1979இல், ராபர்ட் கராசெக் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். மனிதனை வாட்டுவது வேலையின் அளவு மட்டுமல்ல. அந்த வேலையை எப்படி, எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்பதில் அவனுக்குச் சொல் இல்லாமற்போவது. அதிக வேலையும் அதிக உரிமையும் சேர்ந்தால் மனிதன் வளரவும் கூடும். அதிக வேலையும் குறைந்த உரிமையும் சேர்ந்தால் உடைகிறான். இரண்டாவது வைட்ஹால் ஆய்வில், தம் வேலையின் மீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று 1997இல் வெளியான முடிவுகள் காட்டின. கூடப் பணிபுரிபவரின் துணையும் இதில் சேர்த்து எண்ணத்தக்கது என்று 1988இல் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் சுட்டினர்.

நம் அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. எட்டு மணி நேரம் தறியில் அமரும் நெசவாளி, தன் வீட்டுத் தறியாக இருந்தால், களைக்கும்போது எழுந்து வெற்றிலை போட்டு வருவார். வாடிக்கையாளர் அழைப்பு மையத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர் கழிப்பறைக்குப் போகவும் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி நேரத்தைப் பதிய வேண்டும். பளுவை அளந்தால் நெசவாளியின் பளு பெரிது. இறக்கிவைக்கும் உரிமை எவரிடம் இருக்கிறது என்று கேட்டால் விடை வேறு.

6

சுமையை ஆராய்ந்தவர்கள் போக, சுமப்பவரின் வலிமையை ஆராய்ந்தவர்களும் உண்டு. அவர்களை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. எழுபதுகளின் நடுப்பகுதியில் சிகாகோவில், இல்லினாய் பெல் தொலைபேசி நிறுவனத்தின் மேலாளர்களைச் சால்வடோர் மாட்டியும் சூசன் கோபாசாவும் ஆராயத் தொடங்கினார்கள். அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்கத் தொலைபேசித் துறையின் பழைய ஏற்பாடு குலைந்தது. 1981இல் ஒரே ஆண்டில் அந்நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை இழந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நோயிலும் குடும்பச் சிக்கல்களிலும் வீழ்ந்தனர். ஒரு பங்கினர் நிலைத்து நின்றனர்; சிலர் முன்னிலும் மேலானார்கள்.

நிலைத்து நின்றவர்களிடம் மூன்று பண்புகளை ஆய்வாளர்கள் கண்டனர். செய்யும் காரியத்தில் ஈடுபாடு. நிகழ்வனவற்றில் தம்மால் ஆவது ஏதோ உண்டு என்ற உணர்வு. மாற்றத்தை ஓர் அறைகூவலாக எடுத்துக்கொள்ளும் மனம். இன்று நிறுவனங்கள் நடத்தும் மீள்திறன் பயிற்சிகள் பலவற்றின் மூதாதை இந்த ஆய்வு. அதில் உண்மை இருக்கிறது. ஒரே இடியின் கீழ் எல்லோரும் ஒரே மாதிரி வீழ்வதில்லை என்பதை நாம் நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அந்த மூன்றில் நடுவில் நிற்கும் ‘தம்மால் ஆவது உண்டு’ என்ற உணர்வு, வைட்ஹால் ஊழியர்களிடம் பதவிப் படிக்கேற்பக் குறைந்து காணப்பட்ட அதே பொருள்தான். ஆராயப்பட்டவர்கள் மேலாளர்கள். ஓரளவுக்கு அவர்களால் ஆவது இருந்தது. எந்த முடிவிலும் கலந்துகொள்ளாத ஒருவரிடம் ‘எல்லாம் உன் கையில்’ என்று பயிற்சி அளிப்பது, கல்லைப் பெயர்த்துவிட்டுக் கழுத்துக்கு உடற்பயிற்சி சொல்லித்தருவது போன்றது.

இங்கே மீண்டும் இயற்பியலுக்குப் போகலாம். மீள்திறன் என்பதும் உலோகங்களைப் பற்றிய சொல்தான். வளைத்த ஒரு வில் மீண்டும் நிமிர்வது அதன் மீள்திறன். ஆனால் எப்போது நிமிர்கிறது? வளைத்த கை விலகும்போது. பளு இறங்காதவரை எவ்வளவு சிறந்த எஃகுக்கும் மீள்வதற்கு வாய்ப்பே இல்லை. மீட்சி எல்லையைக் கடந்துவிட்டால் பளு இறங்கினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த எல்லைக்குள்ளேயே இருந்தாலும், சிறு பளு ஓயாமல் திரும்பத் திரும்ப ஏறினால் உலோகம் ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியும். பொறியாளர்கள் அதை உலோகச் சோர்வு என்பார்கள். மீள்திறனை மனிதர்களிடம் எதிர்பார்ப்பவர்கள் அச்சொல்லை இரவல் வாங்கினார்கள். அதன் நிபந்தனையை வாங்க மறந்துவிட்டார்கள்.

7

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில், பணியால் எரிந்து சாம்பலாகும் நிலையை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. பணி சார்ந்த ஒரு நிகழ்வாகவே குறித்தது. தீராத பணி அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் விளைவது என்று வரையறுத்தது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக 2016ஆம் ஆண்டில் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்ததாக, அந்நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் மதிப்பிட்டன. நியூமன் குழுவின் அறிக்கைக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நாம் அதே அட்டவணையைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரிலும் இரு நிகழ்வுகளைக் குறிப்பிடலாம். 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018லேயே அதைச் செய்திருந்தது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே கழித்த பெண்களின் வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் காட்டியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதை எண்ணி வெட்கப்படலாம். சட்டம் வந்தது என்பதை எண்ணி மகிழவும் செய்யலாம். வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடத்தில் அமர ஒரு பலகை. அதுவும் சுமைதாங்கிக் கல்தான்.

இரண்டாவது, 2023 ஏப்ரலில் அதே சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை வேலை வாங்க அது இடமளித்தது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வார மொத்த நேரம் மாறாது, விரும்பியவர்க்கே இது என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். விரும்பவில்லை என்று சொல்லும் வலிமை எந்தத் தொழிலாளிக்கு இருக்கிறது என்பதே எதிர்த்தவர்களின் கேள்வி. பன்னிரண்டு என்ற அந்த எண் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததே என்று எனக்கு அப்போது தோன்றியது.

அப்படியானால் தனிமனிதர் செய்யக்கூடியது எதுவும் இல்லையா? உண்டு. தன் களைப்பைக் குணக்குறையாக எண்ணி மறைக்காமல் இருக்கலாம். பளு எது, அதனால் தன்னில் விளைந்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம். ‘என்னால் முடியவில்லை’ என்பதற்கும் ‘இதை எவராலும் முடியாது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பலரைக் காப்பாற்றியிருக்கிறது. பக்கத்து மேசைக்காரரிடம் பேசலாம். அவருக்கும் அதே கழுத்துவலி இருப்பது தெரியவரும். பெரம்பூரில் அப்படித்தான் தொடங்கியது. தனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்றால், அவர்கள் வேலையில் அவர்களுக்கு ஒரு சொல்லை விட்டுக்கொடுக்கலாம். மூச்சுப் பயிற்சியும் உறக்கமும் நடையும் நல்லவையே. அவை உடம்பை உறுதியாக்கும். ஆயினும் எவ்வளவு உறுதியான உடம்பும் ஓரிடத்தில் இறக்கிவைக்க வேண்டியிருக்கும்.

‘நீங்கள்தான் எங்கள் சுமைதாங்கி’ என்று இனி எவரையாவது பாராட்ட நேர்ந்தால், சற்று நின்று, அவர் எங்கே இறக்கிவைக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம். நம் முன்னோர் எல்லாவற்றிலும் நம்மைவிட மேலானவர்கள் அல்லர். ஆனால் சுமப்பவனைக் கண்டபோது, இன்னும் நன்றாகச் சுமக்க அவனுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வழியோரத்தில் மூன்று கற்களைக் கொண்டுவந்து நட்டார்கள்.